வி.பி. இரண்டு

சுரேந்தர் மார்ச் பதினான்காம் தேதி காலை பதினொன்றே காலுக்குச் சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் செத்தான். பட்டறையின் பதிவேட்டில் அவன் பெயர் கிடையாது. அவன் வி.பி.2. மறுநாள் காலை எட்டு மணிக்கு வி.பி.2 வேலைக்கு வந்ததாக அதே பதிவேட்டில் இருந்தது. வந்தது வேறு ஆள். எண் மட்டும் அதே எண்.

அதே பட்டறையின் ஆபீசில் இருந்த லோகப்பிரியாவுக்கு இது மே மாதம் வரை தெரியாது. யாரோ ஒருவன் ரோட்டோரம் மயங்கி விழுந்து செத்தான், நம் வேன்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். புண்ணியம் செய்த மாதிரி பேசிக்கொண்டார்கள்.

மே மாதம் அவளுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. சூலூருக்கு வெளியே இருந்த அந்தப் பட்டறை ஜெர்மனிக்காரர்களுக்குத் துணி சாயம் போட்டுக் கொடுத்தது. வருடா வருடம் அவர்கள் சார்பில் பெங்களூரிலிருந்து ஆடிட் வரும். போன வருடம் வந்தவர், உங்கள் பதிவேடுகளில் முக்கால்வாசி சுருக்கெழுத்தாக இருக்கிறது, எது எதைக் குறிக்கிறது என்று எங்கேயும் இல்லை, அடுத்த முறை பட்டியல் வேண்டும் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். லோகப்பிரியா சரவணம்பட்டியில் ஆங்கிலம் எம்.ஏ. படித்தவள். முதலாளியின் அக்கா மகனும் மேனேஜருமான வம்சி அவளைக் கூப்பிட்டு, "இது உங்க சப்ஜெக்ட்டுங்க அம்மணி. நீங்களே பண்ணிருங்க" என்றான்.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நான்கு வருடமாக ஆடிட்டில் காட்டுவதற்கு முகக்கவசம் போட்டிருப்பவர்களைப் போட்டோ எடுத்துக் கோப்பில் ஒட்டிக்கொண்டிருந்தவளுக்குப் படித்த படிப்பு முதல்முறையாகப் பயன்பட்டது. பதினோரு பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுருக்கங்களை வகை பிரித்தாள். எழுத்து எழுத்தாகச் சொல்வது ஒரு வகை: இ.டி.பி., ஆர்.ஓ. முதல் எழுத்துகளையே சேர்த்து ஒரு சொல்லாகச் சொல்வது இன்னொரு வகை: சிப்காட் மாதிரி. சொல்லின் வாலை வெட்டித் தலையை மட்டும் வைத்துக்கொள்வது: லேப். நடுவைத் தின்றுவிட்டு முதலும் கடைசியும் மட்டும் எழுதுவது: டாக்டருக்கு டி.ஆர். தமிழில் சுருக்கினால் அது தனி வகை. எழுத்தை அதன் கால், கொம்போடு எடுக்க வேண்டும்: கி.மீ., எ.கா. இந்த ஐந்துக்கும் ஐந்து நிறம் கொடுத்தாள். அப்புறம் எது ஆளைக் குறிக்கிறது, எது மெஷினைக் குறிக்கிறது, எது சரக்கைக் குறிக்கிறது என்று மூன்று அட்டவணை போட்டாள்.

எழுதி வைத்திருப்பவர்களுக்கே பல சுருக்கங்களுக்கு விரிவு தெரியவில்லை. ஒவ்வொரு செக்‌ஷனாகப் போய்க் கேட்டாள்.

"இ.டி.பி.ன்னா என்னங்கண்ணா?"

"கெட்ட தண்ணி போற எடம்ங்க."

"அதோட விரிவு கேட்டேன்."

"விரிவெல்லாம் ஓனருக்குத் தெரியுமுங்க. எங்களுக்கு நாத்தந்தான் தெரியும்."

சாயத் தொட்டியில் நின்றவன் ஒருவன், "அம்மணி, பி.பி.இ.க்கு விரிவு நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்றான். அது பாதுகாப்புச் சாதனம்: பூட்ஸ், கையுறை, முகக்கவசம். "பின்னால பாத்துக்கலாம் இரு. நாங்க கேக்கறப்பல்லாம் அதத்தானுங்க சொல்றாங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லோகப்பிரியாவும் சிரித்தாள்.

செக்கிங் டேபிளில் அவள் அம்மா வள்ளியாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அதே பட்டறையில் பத்தொன்பது வருடம். முதல் பதினேழு வருடம் ஈரத்துணியோடு நின்றபடி. இரண்டு முழங்காலும் போன பிறகு, மகள் ஆபீசில் இருக்கிறாள் என்பதற்காக உட்கார்ந்து துணி பார்க்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். "ஏன் கண்ணு இப்படி வெயில்ல அலையறே? ஃபோன் பண்ணிக் கேக்கப்படாதா?" என்றாள். அப்பா விசைத்தறிச் சத்தத்தில் காது போய் வீட்டில் கிடந்தார். ஃபோனில் கேட்பது என்பது அம்மாவுக்குப் பெரிய சௌகரியமாகத் தெரிந்தது.

கடைசியாக இ.டி.பி.க்குப் போனாள். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் அந்த இடத்தை நஞ்சுண்டன் பார்த்துக்கொண்டார். ஐம்பது வயது. அதற்கு முன் லாரியில் கிளீனர். அவருடைய லாக்புக்கில் மூன்று சுருக்கங்கள் திரும்பத் திரும்ப வந்தன. பி.ஆர்., ஓ.டி., வி.பி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு எண்.

"இதெல்லாம் பம்ப்புங்களா?" என்று கேட்டாள்.

நஞ்சுண்டன் தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்தார். பிறகு, "ஆளுங்க" என்றார்.

காண்ட்ராக்டர் கொண்டுவரும் வெளியூர் ஆட்களை மஸ்டரில், அதாவது ஆபீஸ் வருகைப் பதிவேட்டில், ஏற்றுவதில்லை. ஏற்றினால் நிரந்தரம் கேட்பார்கள். ஆனால் எத்தனை பேர் இறங்கினார்கள் என்ற கணக்கு நஞ்சுண்டனுக்கு வேண்டும். லாரியில் ஓடிய பழக்கத்தில் நம்பர் பிளேட்டைப் பார்த்தே பெயர் வைத்துவிட்டார். பீகார் ஆளுக்கு பி.ஆர். ஒடிசாவுக்கு ஓ.டி. "வால்பாறைக்குத் தனி பிளேட்டு இல்லீங்களே. அதனால வால்ல இருந்து ஒண்ணு, பாறையில இருந்து ஒண்ணு எடுத்துட்டேன். வி.பி." டீ எஸ்டேட்டில் வேலை குறைந்து மலையிலிருந்து இறங்கிய மூன்று பேர். வி.பி.1, வி.பி.2, வி.பி.3. காலையில் கேட்டில் இதையே ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். சாயங்காலம் சீட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் வெளியே விடுவார்கள்.

லாக்புக்கில் நேரம் கூட இருந்தது. வி.பி.1 சாப்பாடு 1.00. ஓ.டி.2 வயித்தால போக்கு, உக்காந்துட்டான். நஞ்சுண்டன் நேர்மையாகத்தான் எழுதியிருந்தார். மார்ச் பதினான்கில் ஒரு வரி அடித்து மை தீட்டப்பட்டிருந்தது.

"இது?"

"அதுதானுங்க சுரேந்தர்." அந்தப் பெயரை அவர் மெதுவாகச் சொன்னார். "சகதி அள்ள எறங்குனான். கேஸ் ஏறிப்போச்சு. கயிறு கட்டிக்கடான்னேன். வழுக்குதுங்கண்ணா, கயிறு காலைச் சுத்துதுன்னான். சட்டையக் கழட்டிக் கம்பியில மாட்டிட்டு எறங்குனவன். நாந்தான் வெளிய இழுத்தேன். என்ற தோள்மேலதான் வாயில நொர வந்துச்சு."

"அடுத்த நாளும் வி.பி.2 வந்ததா இருக்கே?"

"நம்பர் காலியா இருக்கப்படாதுங்க. மூணு ஆள்னா மூணு ஆள். ஒருத்தன் ஊருக்குப் போனா அடுத்தவன் அந்த நம்பர்ல எறங்குவான். எப்பவுமே அப்படித்தான். அன்னிக்கும் கை பாட்டுக்கு எழுதிப்போட்டேன்." அவர் லாக்புக்கை மூடினார். "எழுதுனதுக்கப்புறந்தான் யோசிச்சேன். எழுதுனது எழுதுனதுதானுங்களே."

லோகப்பிரியா ஆபீசுக்கு வந்து ஆட்கள் அட்டவணையில் மூன்று வரி சேர்த்தாள். பி.ஆர்.க்கு ஒன்று, ஓ.டி.க்கு ஒன்று. மூன்றாவது, வி.பி.: வால்பாறை. ஒப்பந்தத் தொழிலாளி, தொட்டி சுத்தம். வகை: ஊர்ப்பெயரின் இரு பகுதிகளிலிருந்து முதலெழுத்து.

இரண்டு நாள் கழித்து கேட்டில் ஒரு பெண் நின்றிருந்தாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றவளை லோகப்பிரியா டீக்கடைக்குப் போகும்போது பார்த்தாள். டீக்கடை நிழலுக்குக் கூட்டிப்போய் விசாரித்தாள். சுரேந்தரின் மனைவி சண்முகப்பிரியா. எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்து நாற்பது வளைவு இறங்கி வந்தவள். பஸ்ஸில் வாந்தி எடுத்திருந்தாள். சேலையில் அந்த வாடை இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு இங்கதான் வேலை பாத்தாருன்னு ஒரு எழுத்து குடுங்கன்னு கேக்குறேன். அப்படி ஆளே இல்லைங்குறாங்க. ரோட்டுல கெடந்தாருங்குறாங்க. இல்லாத ஆளு எப்படிங்க இவங்க வேன்ல போனாரு?"

கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த ஒரு சீட்டை எடுத்தாள். வேனில் அவனோடு போட்டு அனுப்பியிருந்த சட்டையை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களாம். அதன் பையில் இருந்ததாம். வி.பி.2. இ.டி.பி. 14/3. உள்ளே 8.10. கேட் முத்திரை.

"இதுல பேரு இல்ல. லேபர் ஆபீசுல, இது என்ன நம்பர், எதோட நம்பர்னு கேக்குறாங்க. உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியும். அது ஆளுக்குப் போடற நம்பர். வி.பி.ன்னா வால்பாறை. நான் ஒரு பட்டியல் எழுதிட்டிருக்கேன். அதுல இருக்கு. ஆடிட் முடிஞ்சா அது கம்பெனி ரெக்கார்டு. யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது."

"நெசமா வருமா?"

"நாந்தாங்க எழுதறேன். வரும்."

சண்முகப்பிரியா உறையைத் திரும்பப் பையில் வைத்தாள். டீ வாங்கித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம், பஸ்ஸில் நிற்காது என்றாள்.

*

ஆடிட்டுக்கு மூன்று நாள் முன்பு வம்சி பட்டியலைப் படித்தான். முழுதும் படித்தான். ஐந்து நிறங்களையும் பாராட்டினான். பிறகு மூன்று வரிகளில் பென்சிலால் கோடு போட்டான்.

"இது மூணும் ஆள் அட்டவணையில எதுக்குங்க இருக்கு? மெஷின் அட்டவணைக்கு மாத்திருங்க."

"அது ஆளுங்க சார். நஞ்சுண்டண்ணனே சொன்னாரு."

"நஞ்சுண்டண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியுங்களா?" என்று சிரித்தான். "பி.ஆர்.க்கு ப்ளோயர்னு போடுங்க. ஓ.டி. ஓவர்ஃப்ளோ டிரெய்ன். வி.பி. என்ன பண்ணலாம்... வெசல் பம்ப். முதல் எழுத்து இருந்தாப் போதும், எதை வேணா விரிக்கலாங்க. நீங்க படிச்சிருப்பீங்களே."

அப்படிச் செய்வதற்கும் ஒரு வகைப்பெயர் இருப்பதை அவள் படித்திருந்தாள். எழுத்தை முதலில் வைத்துக்கொண்டு சொல்லைப் பின்னால் தேடுவது. கல்லூரியில் அது வேடிக்கையான பாடமாக இருந்தது.

"ஒரு பொம்பளை சீட்டோட வந்திருந்தாங்க சார்."

"வந்தாங்க, தெரியுமுங்க. டீக்கடையில நீங்க பேசுனதும் தெரியும்." குரல் உயரவில்லை. மரியாதை குறையவில்லை. "அம்மா எப்படி இருக்காங்க? முழங்கால் பரவாயில்லீங்களா? சாயத்துல நாலு ஆள் குறையுது. செக்கிங்ல இருந்து பழைய ஆளுகளை அனுப்புங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க. நாந்தான் பாத்துக்கலாம்னு சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன்."

அன்று வீட்டில் வள்ளியாத்தாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். லோகப்பிரியா விஷயத்தைச் சொல்லவில்லை. வீங்கிய முழங்காலைப் பார்த்தாள். காலையில் போய் மூன்று வரிகளையும் வெட்டி மெஷின் அட்டவணையில் ஒட்டினாள். அதற்கு நாலு நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் கீழும், தயாரித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பெங்களூர்க்காரர் பட்டியலைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை என்றார். பட்டறைக்குப் பச்சை மார்க் கிடைத்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். நஞ்சுண்டன் லட்டை வாங்கி மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

*

ஆகஸ்டில் சண்முகப்பிரியாவின் மனு கோயமுத்தூரில் தொழிலாளர் துறை அதிகாரி முன் விசாரணைக்கு வந்தது. அந்தச் சீட்டு ஒரு பம்பை ரிப்பேருக்கு உள்ளே கொண்டுபோன கேட் பாஸ், அது எப்படியோ ரோட்டில் கிடந்து அவன் கைக்குப் போயிருக்கும் என்று பட்டறை பதில் எழுதியது. ஆதாரம், ஆடிட் ஏற்றுக்கொண்ட சுருக்கப் பட்டியல். அதைத் தயாரித்தவர் கம்பெனிச் சாட்சி.

"ஒரே ஒரு வார்த்தைங்க," என்றான் வம்சி காரில். "இது நீங்க தயாரிச்சதான்னு கேப்பாங்க. ஆமான்னுட்டு வந்துருங்க. மதியம் அன்னபூர்ணால சாப்பிட்டுட்டுப் போயிரலாம்."

விசாரணை அறையில் ஒரு மின்விசிறி ஓடியது. நடுவில் அதிகாரி, கண்ணாடி போட்ட அம்மாள். ஒரு பக்கம் வம்சியும் வக்கீலும் நஞ்சுண்டனும். எதிர்ப்பக்கம் சண்முகப்பிரியா தனியாக. வக்கீல் வைக்க வழியில்லை. லோகப்பிரியாவைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. தனக்காக வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். லோகப்பிரியா வம்சி பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் அந்தத் தெளிவு போனது.

அதிகாரி பட்டியலை நீட்டினார். "இது நீங்க தயாரிச்சதாம்மா?"

"ஆமாங்க."

"கையெழுத்து?"

"என்னோடதுதானுங்க."

வக்கீல் பேனாவை மூடினார். அவர் வேலை முடிந்துவிட்டது. அதிகாரியும் அடுத்த தாளை எடுத்தார். சண்முகப்பிரியா அழவில்லை. மடியில் இருந்த பிளாஸ்டிக் உறையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் லோகப்பிரியாவால் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போயிருக்க முடியும்.

"மேடம்," என்றாள். "வி.பி. பம்ப் இல்லீங்க. ஆளு. வால்பாறையில இருந்து வந்த ஆளு. ஆள் அட்டவணையிலதான் எழுதியிருந்தேன். மாத்தச் சொன்னாங்க. மாத்திப்போட்டேன்."

வம்சி திரும்பிப் பார்த்தான். வக்கீல் பேனாவை மறுபடி திறந்தார். அவசரமே இல்லாமல் எழுந்தார்.

"ஏம்மா, மே மாசம் இதுல கையெழுத்துப் போட்டீங்களே. படிச்சுப் பாத்துத்தான் போட்டீங்களா?"

"ஆமாங்க."

"உங்க கையைப் பிடிச்சு யாராவது போட வெச்சாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப நீங்க சொன்னது பொய், இப்ப சொல்றது நெசம். அப்படித்தானே?"

"ஆமாங்க."

"எம்.ஏ. படிச்சவங்க. எழுத்துல ஒரு பொய், வாயில ஒரு நெசம். நாளைக்கு வேற யாராவது டீ வாங்கிக் குடுத்தா மூணாவதா ஒண்ணு வரும்." அதிகாரியைப் பார்த்தார். "மனுதாரரும் இவங்களும் டீக்கடையில ரகசியமாப் பேசுனதுக்கு வாட்ச்மேன் சாட்சி இருக்குங்க மேடம்."

"லாக்புக்கைப் பாருங்க மேடம்," என்றாள் லோகப்பிரியா. "சாப்பாட்டு நேரம் எழுதியிருக்கும். வயித்தால போனது எழுதியிருக்கும். பம்புக்கு எதுக்குங்க சாப்பாட்டு நேரம்?"

லாக்புக் வந்திருந்தது. வக்கீல் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதிகாரி ஜனவரியிலிருந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு லோகப்பிரியா பக்கம் திருப்பிக் காட்டினார். நஞ்சுண்டனின் கையெழுத்தேதான். ஆனால் ஆறு மாதப் பக்கங்களும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில் இருந்தன. எண்ணெய்க் கறை இல்லை. சாப்பாடு இல்லை. வி.பி.2 இயக்கம். வி.பி.2 நிறுத்தம். மார்ச் பதினான்கில், வி.பி.2 பழுது. பதினைந்தில், வி.பி.2 மாற்றப்பட்டது.

"இது நீங்க எழுதுனதாங்க?" என்று அதிகாரி நஞ்சுண்டனைக் கேட்டார்.

அவர் எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "என்ற எழுத்துதானுங்க."

"வி.பி.ன்னா என்ன?"

வம்சி அவரைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெஷினுங்க," என்றார் நஞ்சுண்டன். உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் துண்டு கையிலேயே இருந்தது.

அதிகாரி நெடுநேரம் எழுதினார். லோகப்பிரியா சொன்னதையும் எழுதிக்கொண்டார். அதற்கு வேறு ஆதாரம் இல்லை என்பதையும் எழுதிக்கொண்டார். மற்ற இரண்டு வால்பாறை ஆட்களை அழைத்துவர முடியுமா என்று சண்முகப்பிரியாவைக் கேட்டார். ஒருவன் கேரளாவுக்குப் போய்விட்டான், இன்னொருவன் இதே பட்டறையில் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறான், வரமாட்டான் என்றாள். செப்டம்பர் கடைசிக்குத் தேதி போட்டார்கள்.

வம்சி வாசலில் காரில் ஏறும்போது, "நீங்க பஸ்ல வந்துருங்க அம்மணி. ஆபீசுக்கு வர வேண்டாம். உங்க சாமானை அம்மாகிட்டக் குடுத்து விடறோமுங்க" என்றான். நஞ்சுண்டன் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

இரண்டு பெண்களும் உக்கடம் வரை டவுன் பஸ்ஸில் வந்தார்கள். உட்கார இடம் இருந்தும் சண்முகப்பிரியா நின்றபடியே வந்தாள். பொள்ளாச்சி பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும் லோகப்பிரியா, "மன்னிச்சுக்குங்க" என்றாள்.

"மே மாசம் இந்த வாயைத் தொறந்திருந்தா பழைய லாக்புக்கு இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்கும்."

"அப்ப உங்க எழுத்தும் பேச்சும் ஒண்ணா இருந்திருக்கும்."

லோகப்பிரியா பஸ்ஸின் போர்டைப் பார்த்தாள்.

"வைய வரல. வஞ்சு என்ன ஆகப்போகுது." சண்முகப்பிரியா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "செப்டம்பருக்கு வருவீங்களா?"

"வாரேன்."

"அன்னிக்கும் இப்படித்தான் சொன்னீங்க." அதில் கோபம் இல்லை. கணக்குப் பார்க்கிற மாதிரி சொன்னாள். பஸ்ஸில் ஏறி, வாந்தி வந்தால் தலையை நீட்ட ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்போது கையசைக்கவில்லை. லோகப்பிரியாவும் அசைக்கவில்லை.

ஃபோன் அடித்தது. அம்மா. பட்டறையின் மெஷின் சத்தம் பின்னால் கேட்டது.

"கண்ணு, சாப்பிட்டயா?"

"இன்னும் இல்லைம்மா. என்ன?"

"ஒண்ணுமில்ல. நாளையில இருந்து என்னைச் சாயத்துக்குப் போகச் சொல்லிப்போட்டாங்க. ஸ்டோருக்காரன் பூட்ஸ் சைஸ் கேக்கறான். எனக்கு எந்த சைஸுன்னு தெரியல. நீ முன்ன ஒரு தடவை எழுதிக் குடுத்தியல்ல?"

"நீ போக வேண்டாம்மா. வேலையை விட்டுரு."

அந்தப் பக்கம் அம்மா ஸ்டோர்க்காரனிடம், ஒரு நிமிசம் இருங்க என்றாள்.

"ரெண்டு பேரும் விட்டுட்டா?" என்றாள் வள்ளியாத்தாள். "உன்ற சாமானெல்லாம் அட்டைப்பெட்டியில கட்டி என்ற டேபிளுக்கு அனுப்பியிருக்காங்க. பாத்ததுமே தெரிஞ்சுது. என்னமோ நல்லதுதான் பண்ணியிருப்பே. அதைச் சாயந்தரம் பேசிக்கலாம். இப்ப சைஸச் சொல்லு, அவன் நிக்கறான்."

லோகப்பிரியா சொன்னாள். அம்மா திரும்பி, ஸ்டோர்க்காரனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். "ஏழுங்க."